டயாலிசிஸுக்கு முன்னாடி ஒரு எக்கோ, மறுநாள் ஒரு எக்கோ… எதை நம்புறது?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வயசு 54, எடை 60 கிலோ, வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். ஒரு திங்கக்கிழமை டயாலிசிஸுக்கு முன்னாடி எக்கோ எடுத்தோம், இடது மேல் அறை பெருசா இருக்கு, நுரையீரல் பிரஷர் அதிகம், கிரேடு 2ன்னு போட்டிருந்தாங்க. பயந்துபோய் வேற இடத்துல டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் எடுத்தா பிரஷர் கம்மி, கிரேடு 1ங்கறாங்க. எது சரி?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ரெண்டுமே சரியா இருக்கலாம்மா. வெள்ளிக்கிழமை முடிச்சு திங்கக்கிழமை வர்றதுதான் வாரத்துலயே நீளமான கேப், யூரின் சரியா போகாததால அத்தனை நாள் தண்ணியும் உடம்புலயே தங்கி இதயத்துக்கு வர்ற ரத்தம் கூடிடுது. எக்கோல ‘ஈ வேவ்’னு ஒண்ணு பாப்பாங்க, ரத்தம் இடது கீழறைக்குள்ள முதல்ல பாயுற வேகம், அது இதயத்துக்கு வர்ற ரத்தத்தோட அளவை நம்பித்தான் இருக்கு, மூணு லிட்டர் எடுத்துட்டா அது சட்டுனு இறங்கும், கூடவே ‘ஈ பை ஏ’ விகிதமும் (‘ஏ’ன்னா மேல் அறை சுருங்கும்போது பாயுற வேகம்), இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கறதுல இருக்கற குறையைச் சொல்ற கிரேடும் மாறும். நுரையீரல் பிரஷர், வயித்துல இருக்கற பெரிய சிரையோட அகலம் எல்லாமே குறையும். ‘ஈ பிரைம்’ங்கற தசையோட அசைவு அளவு இவ்வளவு ஆடாது, ஆனா அதுவும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். இதயத் தசையோட எடையைக்கூட அறையோட அகலத்தை வச்சு கணக்கு போடுறாங்க, அதுல அகலம் மூணு மடி பெருக்கலா வர்றதால தண்ணி ஏறி அறை விரிஞ்சிருந்தா தசையோட எடை நிஜத்தை விட அதிகம்னு ரிப்போர்ட் வந்துடும்.

அதனால டயாலிசிஸுக்கு மறுநாள், டிரை வெயிட்ல, அதாவது கூடுதல் தண்ணி இல்லாத எடைல இருக்கும்போது எடுக்கறதுதான் நல்லது, அடுத்த தடவையும் அதே மாதிரி நாள்ல எடுத்தாத்தான் ஒப்பிட முடியும். எக்கோ எடுக்கறவங்ககிட்ட கடைசி டயாலிசிஸ் எப்போ, அன்னைக்கு எடை எவ்வளவுன்னு சொல்லி ரிப்போர்ட்லயே எழுதச் சொல்லுங்க, இத நம்ம ஊர்ல நிறைய பேர் கேக்கறதே இல்லைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

மெஷின்ல இருந்து இறங்கின உடனே மட்டும் எடுக்காதீங்க. தண்ணியை வேகமா உறிஞ்சினா இதயத்துக்கு ரத்தம் பத்தாம சுவர்ல சில இடம் அசைவு கம்மியாகும், பம்பிங் அளவு இறங்கின மாதிரி காட்டும். பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல சரியாகிடும், ஆனா திரும்பத் திரும்ப நடந்தா நிரந்தரமா இதயம் பலவீனமாகும், இதை லேசா விடக்கூடாது. ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல எடுக்காம இருக்கறது நல்லது. இவருக்கு நாலு மணி நேரத்துல மூணு லிட்டர் எடுத்தா 12.5 வருது, நாலு லிட்டர்னா 16 தாண்டிடும், அதனால உப்பைக் குறைச்சு தாகத்தைக் குறைங்க, தேவைன்னா நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டு ரிப்போர்ட்டையும் சிறுநீரக டாக்டர்கிட்ட காட்டி டிரை வெயிட்டை மறுபடி பாக்கச் சொல்லுங்க. மேல் அறை பெருசா இருக்கறது ஒரே நாள்ல வந்ததா இருக்காது, தண்ணி எடுத்ததும் கொஞ்சம்தான் சுருங்கும். மறுநாளும் பிரஷர் அதிகமாவே இருந்தா வால்வு, நுரையீரல், டயாலிசிஸுக்காக கைல தமனியையும் சிரையையும் இணைச்சு வச்சிருக்கற ஃபிஸ்டுலாவுல ஓடுற ரத்தம்னு எல்லாத்தையும் பாக்கணும். படுத்தா மூச்சு வாங்குதுன்னா அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடுங்கம்மா.