வகுப்பில் இனவெறி பற்றிப் பேச்சு: பிள்ளையை லீவு போட வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கிலாந்துக்குப் புதிதாய் வந்த தங்கச்சி கேட்டது: ஆறாம் வகுப்பு மகனின் பள்ளியில் அக்டோபரில் இனவெறி பற்றி வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பார்களாம். அன்றைக்கு லீவு போடலாமா, இல்லை வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பலாமா?

லீவு வேண்டாம்மா. மதபாடம், பாலியல் கல்வி போன்ற சிலவற்றுக்குத்தான் எழுதிக்கொடுத்துப் பிள்ளையை விலக்கமுடியும். வரலாற்றுக்கு அது செல்லாது. அக்டோபர் இங்கே கறுப்பின வரலாற்று மாதம், 1987-லிருந்து. 1963-இல் பிரிஸ்டல் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்காததால் ஊரே பஸ்ஸைப் புறக்கணித்த கதை அடிக்கடி வரும். போராட்டம் ஜெயித்ததும் வெள்ளையரல்லாத முதல் கண்டக்டராகச் சேர்ந்தது ரக்பீர் சிங் என்ற சீக்கியர். பையனிடம் இதை முன்னாடியே சொல்லிவையுங்கள், பேச அவனுக்கும் ஏதாவது இருக்கும்.

டீச்சருக்கு ஒரு மெயில் போடுங்கள்: என்ன பாடம், என்ன வீடியோ, பிடிக்காத கேள்விக்கு 'பாஸ்' சொல்லலாமா, மனசு கஷ்டமானால் யாரிடம் போகணும். அடிமை ஏலத்தை நாடகமாக நடிக்கவைப்பதாக இருந்தால் வேறு வேலை கொடுக்கச் சொல்லி எழுதுங்கள். அதைக் கேட்பதில் தப்பே இல்லை. 'இந்தியர்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று அவனைக் கேட்டால், 'எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்' என்றால் போதும்.

பெரும்பாலும் சிக்கல் வார்த்தையில்தான். வீட்டில் சாதாரணமாய்ச் சொல்லும் 'கறுப்பன்', ராப் பாட்டில் வரும் அந்தக் கெட்ட வார்த்தை, இதெல்லாம் வகுப்பில் விழுந்தால் விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது எடுபடாது. இனவெறிச் சம்பவம் என்று எழுதிவைத்து உங்களைக் கூப்பிடுவார்கள்.

அடுத்தது, 'எங்க ஊர்ல இதெல்லாம் இல்லை' என்று சொல்லிக்கொடுத்து அனுப்புவது. டீக்கடைத் தனி கிளாஸை மறந்துவிட்டோமா என்ன? 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்தது, ஈரோட்டிலிருந்து போன பெரியார் ஜெயிலுக்குப் போனார் என்று இரண்டு வரி சொல்லட்டும். சொந்த சாதியைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தமுடியாது.

அவனையே யாராவது கேலி செய்தால் தேதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் எல்லாம் அன்றைக்கே குறித்துவையுங்கள். முதலில் வகுப்பு டீச்சர், அப்புறம் ஹெட், பிறகு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு (governors) எழுத்தில் புகார். 2010 சமத்துவச் சட்டத்தில் நிறம், தேசம், இனப்பூர்வீகம் மூன்றும் உண்டு. சாதிக்குத் தனிப்பெயர் இல்லை, அதனால் சாதிக்கேலி என்றால் நடந்ததை இன்னும் விவரமாக எழுதணும்.