பித்தப்பை லேப்ராஸ்கோபிக்குப் பிறகு வலிக்கு எது நல்லது: பாராசிட்டமாலா, டைக்ளோஃபெனாக்கா?

அம்மாவுக்கு 58 வயது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார், டிரமடால் (அபின் வகை வலி மருந்து) ஊசி போட்டதும் வாந்தி எடுத்துவிட்டார், நாளை டிஸ்சார்ஜ், அந்த வகை மருந்து இல்லாமல் வலியைச் சமாளிக்க எது சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். அதோடு டைக்ளோஃபெனாக் மாதிரி ஒன்றைச் சேர்த்தால் வலி இன்னும் நன்றாகக் குறையும். ஆனால் அம்மாவின் சிறுநீரகமும் வயிறும் அதற்கு இடம் கொடுக்குமா என்று பார்த்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

அம்மா வலிக்கிறது என்றால் எங்கே என்று கேளுங்கள். தொப்புள் பக்கத் துளையில் வலிப்பது வேறு, வலது விலாவுக்கு அடியில் வலிப்பது வேறு. பலரைப் பயமுறுத்துவது மூன்றாவது வலி. வயிற்றில் கையே வைக்காமல் வலது தோளைப் பிடித்துக்கொண்டு “ஹார்ட் அட்டாக்கா டாக்டர்?” என்று கேட்பார்கள். ஆபரேஷனின்போது வயிற்றை உப்பச் செய்யக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறோம். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் வலி தோளில் தெரிகிறது. இதற்கு மாத்திரை ஓரளவுதான் கேட்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். மூச்சுத் திணறலோ வியர்வையோ நெஞ்சு அழுத்தமோ சேர்ந்து வந்தால் மட்டும் வாயு என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். பாராசிட்டமாலைக் காய்ச்சல் மாத்திரை என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. வலி வந்தபின் ஒன்று போட்டுவிட்டு, கேட்கவில்லை என்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 650 மி.கி. கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. பித்தப்பை இல்லாததால் கல்லீரல் தாங்காது என்ற பயம் வேண்டாம். வாயால் சாப்பிட ஆரம்பித்த பிறகு, டிரிப்பில் ஏற்றினால்தான் நன்றாகக் கேட்கும் என்பதும் கிடையாது.

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் எல்லாம் ஒரே குடும்பம். காயத்தைச் சுற்றி வரும் அழற்சியைக் குறைப்பதால் தையல் வலிக்கு நன்றாக வேலை செய்யும். பாராசிட்டமாலோடு சேரும்போது இன்னும் நன்றாக. ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வுகளை 2013இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு தொகுத்தது. இபுபுரூஃபன் 400 மி.கி. மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. கூடவே பாராசிட்டமால் 1 கிராம் எடுத்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். பல் வேறு, வயிறு வேறுதான். ஆனால் பித்தப்பை ஆபரேஷனுக்கென்றே ப்ராஸ்பெக்ட் என்ற நிபுணர் குழு 2018இல் சொன்னதும் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கத்தான். கூடவே துளைகளில் மரத்துப்போகும் ஊசி, தியேட்டரிலேயே ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை பி.பி. மாத்திரைதான். அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையாக இருந்தால், அதன் மேல் டைக்ளோஃபெனாக் சேரும்போது சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. பட்டினி, வாந்தி, தண்ணீர் சரியாகக் குடிக்காதது எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாளை கிளம்பும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேளுங்கள். அல்சர், ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இதே குடும்பத்து எட்டோரிகாக்ஸிப் வயிற்றைக் கொஞ்சம் குறைவாகத்தான் புண்ணாக்கும், ஆனால் பி.பி.யை ஏற்றும். கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆகாது. கீட்டோரோலாக் ஐந்து நாளைத் தாண்டக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில், சாப்பிட்ட பிறகு, சில நாளுக்கு மட்டும்.

ஜீரோடால்-பி மாதிரி மாத்திரை எழுதிக் கொடுத்தால் கவனம். அதிலேயே அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. கூடத் தனியாக டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். தனியாகக் கொடுக்கும் பாராசிட்டமாலோடு இந்த 325-ஐயும் கூட்டிக் கணக்கு வையுங்கள். அப்புறம், கல் வலிக்கு முன்பு வாங்கிய டிரோட்டாவெரின் வீட்டில் கிடக்கலாம். அது இழுத்துப் பிடிக்கும் வலிக்கானது, தையல் வலிக்கு உதவாது. நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகேபலின் தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும். இரவில் பாத்ரூம் போக எழும் அம்மாவுக்கு அதை நான் எழுத மாட்டேன்.

இந்த வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் ஏறினால், காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்தால், வயிறு உப்பினால், கண் மஞ்சளானால் பித்தநீர்க் கசிவாக இருக்கலாம். மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், ராத்திரி எந்த நேரமானாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள்.