சர்ப்பகந்தா வேர் ரத்தக் குழாயை எப்படித் தளர்த்துகிறது?

சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கும் என்கிறார்களே, அது ரத்தக் குழாயை நேரடியாகத் தளர்த்துகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். முக்கியமாக அது கைவைப்பது நரம்பில்.

தமனிச் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அதைச் சுருங்கச் சொல்லும் நரம்பு முனையில் நுண்ணிய பைகள். அவற்றுக்குள், தசையைச் சுருங்கவைக்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். வேரிலுள்ள ரிசர்பின் என்ற வேதிப்பொருள், அந்தப் பைகளுக்குள் சரக்கு ஏற்றும் புரதத்தை முடக்கிவிடுகிறது. வெளியே தங்கும் நார்அட்ரினலினை நொதிகள் சிதைத்துவிடும். கையிருப்பு தீரத் தீர, 'சுருங்கு' என்ற கட்டளை பலவீனமாகிறது. தசை இளகுகிறது, குழாய் விரிகிறது. அதனால்தான் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகும். மூக்கிலுள்ள குழாய்களும் சேர்ந்து விரிவதால் சிலருக்கு மூக்கடைப்பு வரும்.

1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் இந்த வேரின் பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தார் ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

அப்புறம், தயவுசெய்து பொடியை வாங்கி நீங்களாகச் சாப்பிடாதீர்கள். மூளையிலும் இதே வேலையைச் செய்வதால் மனச்சோர்வு வரலாம். பொடியில் ரிசர்பின் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.