போர்க்காலத்தில் பட்டம்: பருவத்தைச் சுருக்கலாம், பாடத்தைச் சுருக்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டில் போர் நடக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பீடக் குழுவின் செயலாளர். இறுதியாண்டு மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரைக் கடைசிப் பருவத்தின் நடுவில் ராணுவப் பணிக்கு அழைத்துவிட்டார்கள். "நாட்டுக்காகப் போயிருக்கிறார்கள், மீதித் தாள்களுக்கு முழு கிரெடிட் (தேர்ச்சிப் புள்ளி) போட்டுப் பட்டத்தைக் கொடுத்துவிடலாம்" என்கிறது நிர்வாகம். ஆசிரியர்கள் சிதறிப்போனதால் கூட்டத்துக்குப் போதுமான ஆட்கள் சேர்வதில்லை. பட்டம் பெறுவோர் பட்டியலில் டீன் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லுமா? இதற்கிடையில் எல்லாத் துறைக்கும் ஒரு கட்டாயப் பாடத்தைச் சேர்க்கச் சொல்லி அமைச்சகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. எதை ஏற்பது, எதை மறுப்பது?

பதில்: மீதித் தாள்களுக்கு மொத்தமாகக் கிரெடிட் போடாதீர்கள். அந்த மாணவர்கள் மேல் உள்ள அக்கறையில்தான் இதைச் சொல்கிறேன். இன்றைக்கு அது மரியாதையாகத் தெரியும். பல வருடம் கழித்து அவர்களில் ஒருவர் வேறொரு நாட்டில் மேற்படிப்புக்கோ தொழில் உரிமத்துக்கோ விண்ணப்பிப்பார். அப்போது மதிப்பெண் பட்டியலைப் புரட்டுகிற அதிகாரி, கடைசிப் பருவத் தாள்களில் எப்படித் தேர்ச்சி பெற்றார் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தாள்களோடு சந்தேகம் நிற்காது, முழுப் பட்டத்தின் மேலும் விழும். போருக்குப் போகாமல் படித்து முடித்த வகுப்புத் தோழர்களின் பட்டத்தையும் அது தொடும்.

இது முன்பே நடந்த கதை. முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் பல கல்லூரிகள், ராணுவத்தில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்தமாகக் கிரெடிட் கொடுத்தன. அது பட்டத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது என்ற விமர்சனம் வெகுகாலம் ஓயவில்லை. அதனால் இரண்டாம் உலகப்போர் வந்தபோது அமெரிக்கக் கல்விக் கவுன்சில் வேறு வழிக்குப் போனது. மொத்தக் கிரெடிட் வேண்டாம், ராணுவத்தில் ஒருவர் எடுத்த பயிற்சிகளைத் தனித்தனியாக மதிப்பிடுங்கள் என்று கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. எந்தப் பயிற்சி எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு ஈடாகும் என்று சொல்லும் கையேட்டையும் கொண்டுவந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற வீரர்களுக்காக 1942-இல் உருவான ஜிஇடி தேர்வும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்: ஒருவர் எங்கே இருந்தார் என்பதை விட, அவருக்கு என்ன தெரியும் என்று பார்ப்பது.

உங்கள் பீடத்திலும் இதைச் செய்ய முடியும். ஒரு மாணவர் ராணுவத்தில் ரேடியோக் கருவிப் பயிற்சியை முறையாக முடித்திருந்தால், பயிற்சி நேரம், பாடத்திட்டம், தேர்வு முடிவு ஆகியவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, மின்னணுவியல் ஆய்வகத் தாளுக்கு அதை ஈடாக ஏற்கலாம். அதே மாணவர் ஆறு மாதம் காவல் பணியில் இருந்தார் என்பதற்காக வேதியியல் தாளில் தேர்ச்சி போட முடியாது. காவல் பணி பெரிய பணிதான். ஆனால் வேதியியல் தாள் சொல்வது வேறு விஷயம்.

அப்படியானால் மீதித் தாள்களுக்கு என்ன செய்வது? நாட்காட்டியைத் தாராளமாக வளைக்கலாம், பாடத்தை வளைக்க வேண்டாம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் 1942 முதல் கோடை விடுமுறையை எடுத்துவிட்டு, நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் நடத்தின. வகுப்பு குறையவில்லை, இடைவெளிதான் குறைந்தது. அதிகாரிகளை உருவாக்க அமெரிக்கக் கடற்படை நடத்திய வி-12 திட்டம் 1943 ஜூலையில் 131 கல்லூரிகளில் தொடங்கியது. ஒரு பருவத்துக்குப் பதினாறு வாரம், ஆண்டுக்கு மூன்று பருவம். அடிப்படைப் பாடங்கள் எவை என்று கடற்படை சொன்னது. பாடம் நடத்தியதும் மதிப்பெண் போட்டதும் அந்தந்தக் கல்லூரியின் வழக்கமான ஆசிரியர்கள்தான். 1,25,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. வருடம் முழுவதும் ஓய்வில்லாமல் பாடம் நடத்தினால் ஆசிரியர்கள் களைத்துப்போவார்கள். எனவே வேகப் பருவத்தை ஓர் ஆண்டுக்கு மட்டும் அனுமதித்து, மறுபடியும் தேவைப்பட்டால் மறுபடியும் ஓட்டெடுங்கள்.

புது விதி எழுதும் முன் பழைய விதிப்புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். இறுதித் தேர்வு சமயத்தில் நோயில் விழுந்த மாணவருக்கு, அதுவரை செய்த வேலையை வைத்துத் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற தர வகைப்பாடு இல்லாமல் பட்டம் வழங்கும் ஏற்பாடு பிரிட்டிஷ் மரபுப் பல்கலைக்கழகங்களில் வெகுகாலமாக இருக்கிறது, ஈக்ரோட்டாட் என்பார்கள். பாடத்தையெல்லாம் முடித்துவிட்டுத் தேர்வை மட்டும் தவறவிட்ட மாணவருக்கு இது சரியாகப் பொருந்தும். பாதிப் பாடமே நடக்காதவருக்குப் பொருந்தாது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தீர்மானத்தில் கலந்துவிடாதீர்கள்.

விலக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்றால் நுழைவாயிலில் கொடுங்கள், வெளிவாயிலில் வேண்டாம். எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1917-இல் ஆக்ஸ்போர்டின் தொடக்கத் தேர்வில் அல்ஜீப்ராவில் தவறிவிட்டார். போர்முனையிலிருந்து திரும்பியபோது, முன்னாள் படைவீரர்களுக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு இருந்ததால் படிப்பைத் தொடர முடிந்தது. இறுதித் தேர்வுகளை எல்லோரையும் போலவே எழுதினார். 1920, 1922, 1923 என்று மூன்று முறை முதல் வகுப்பு. அந்தப் பட்டத்தை யாரும் போர்ச் சலுகை என்று சொல்ல முடியாது.

உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய மிகப் பெரிய விஷயம் இலவசக் கிரெடிட் கிடையாது, திரும்பி வர ஒரு நிச்சயமான இடம். அமெரிக்காவில் 1944-இல் வந்த ஜிஐ சட்டம், திரும்பி வந்தவர்களின் கல்விச் செலவை ஏற்றது. 1947-இல் அங்கே கல்லூரியில் சேர்ந்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். அவர்கள் பட்டம் கேட்கவில்லை, படிக்க இடம் கேட்டார்கள். எனவே அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடுங்கள். பணிக்குப் போன மாணவரின் இடம் அவர் பெயரிலேயே இருக்கும், திரும்பி வந்தால் மறுசேர்க்கைக் கட்டணம் கிடையாது, பாடத்திட்டம் மாறியிருந்தாலும் பழைய திட்டத்திலேயே முடிக்கலாம், அதிகபட்ச ஆண்டுக் கணக்கில் பணிக்காலம் சேராது. காயத்தோடு வருபவருக்குத் தேர்வு முறையை மாற்றித் தரும் வசதியையும் அதிலேயே சேருங்கள். இதை எழுத்தில் வைக்காமல் போனால், ஐந்து வருடம் கழித்து வரும் புதிய பதிவாளர் விதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படிப்பட்ட சின்ன விதிகளில்தான் திரும்பி வருபவர்களின் வாழ்க்கை சிக்கிக்கொள்கிறது.

அடுத்தது டீன் கையெழுத்து. அவர் மட்டும் போட்டால் போதாது. பட்டம் வழங்கும் அதிகாரம் உங்கள் சட்டத்தில் எந்த அமைப்புக்கு எழுதப்பட்டிருக்கிறதோ, அந்த அமைப்பின் முடிவு வேண்டும். அவசர நேரத்தில் துணைவேந்தர் அந்த அமைப்பின் சார்பில் செயல்பட்டு, அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒப்புதல் வாங்கலாம் என்ற பிரிவு பல பல்கலைக்கழகச் சட்டங்களில் இருக்கும். இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதையே வழக்கமாக்கிவிட வேண்டாம். அதைவிட நல்ல வழி, ஒரே ஒருமுறை எப்படியாவது போதுமான ஆட்களைச் சேர்ப்பது. இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ வந்தாலும் வருகைதான் என்று அந்தக் கூட்டத்திலேயே விதி திருத்துங்கள். நான்கைந்து பேர் கொண்ட ஒரு நிலைக்குழுவையும் அங்கேயே தேர்ந்தெடுங்கள். பட்டியலைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது மட்டும் அதன் வேலை. விதியை மாற்றும் உரிமை கூடாது. அதன் எல்லா முடிவுகளும் முழுக் குழுவின் முன் வர வேண்டும். குழுவுக்கு ஒரு முடிவுத் தேதியும் வையுங்கள். தேதி இல்லாத அவசர ஏற்பாடு போர் முடிந்த பிறகும் கலையாது.

ஆட்கள் இல்லை, இடமில்லை என்பதற்காக ஆசிரியர் குழுவை ஓரம்கட்ட வேண்டியதில்லை என்பதற்கு நல்ல சான்று சீனாவில் இருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்பில் இடம்பெயர்ந்த பீக்கிங், சிங்குவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் குன்மிங் நகரில் 1938 முதல் 1946 வரை ஒன்றாக நடந்தன. விமானக் குண்டுவீச்சுக்கு நடுவிலும் பேராசிரியர்கள் கூடிக்கூடி முடிவெடுத்தார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற யாங் சென்-நிங், லீ சுங்-தாவோ இருவரும் அங்கே படித்தவர்கள்தான்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 1917 அக்டோபரில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள், போருக்கு எதிரான நிலைப்பாட்டுக்காக ஜேம்ஸ் கேட்டெல், ஹென்றி டேனா என்ற இரண்டு பேராசிரியர்களை நீக்கினார்கள். அங்கேயே பேராசிரியராக இருந்த வரலாற்றறிஞர் சார்லஸ் பியர்டு போரை ஆதரித்தவர். அவரே இதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். உங்கள் கூட்டத்திலும் மாற்றுக் கருத்து வரும். வந்தால் அதைக் குறிப்பில் பதியுங்கள். யார் எதிர்த்தார், என்ன காரணம் சொன்னார் என்று எழுதியிருந்தால்தான், முடிவு ஆலோசித்து எடுக்கப்பட்டது என்று பின்னால் காட்ட முடியும்.

பதிவேடுகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். டோனெட்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம் 2014-இல் உக்ரைனின் வின்னிட்சியா நகருக்கு இடம்பெயர்ந்தது. விட்டுவந்த கட்டடங்களில் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு நிர்வாகம் தொடர்ந்தது. உங்களுக்கும் அந்த நிலை வரலாம். எனவே முத்திரை, பட்டச் சான்றிதழ்த் தாளின் வரிசை எண், கையெழுத்து அதிகாரம் பெற்றவர்களின் பெயர்கள் ஆகியவற்றை இப்போதே பதிவு செய்து, மதிப்பெண் பதிவேட்டின் நகலோடு வேறு நகரத்திலும், முடிந்தால் வெளிநாட்டு நட்புப் பல்கலைக்கழகம் ஒன்றிலும் வைத்துவிடுங்கள். ஆவணம் இழந்த அகதிகளின் படிப்பை மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்று 1997-இன் லிஸ்பன் அங்கீகார ஒப்பந்தம் சொல்கிறது. அதில் சேர்ந்த நாடுகளில் உங்கள் மாணவர்கள் அதைக் கேட்கலாம். ஆனாலும் கையில் ஒரு தாள் இருப்பதற்கு அது ஈடாகாது. நாஜி ஆக்கிரமிப்பில் மூடப்பட்ட கிராகோவ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள், வீடுகளில் ரகசியமாக வகுப்பும் தேர்வும் நடத்தினார்கள். அந்தப் படிப்பு போருக்குப் பின் ஏற்கப்பட்டது என்றால், தேர்வு வைத்த ஆசிரியர்கள் அதற்குச் சாட்சியாக நின்றதும் ஒரு காரணம்.

இனி அமைச்சகத்தின் கட்டாயப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். 1918 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரே நாளில் மாணவர் ராணுவப் பயிற்சித் திட்டத்துக்குள் வந்தன. 'போர்ப் பிரச்சினைகள்' என்ற பாடம் அதில் இருந்தது. டிசம்பரிலேயே திட்டம் கலைக்கப்பட்டது. ஆனால் கொலம்பியா ஆசிரியர்கள் அந்தப் பாடத்திலிருந்து கற்றதை வைத்து, 1919-இல் சமகால நாகரிகம் என்ற பொதுப் பாடத்தை உருவாக்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. பாடம் ஆசிரியர்கள் கைக்கு வந்ததும்தான் உருப்பட்டது. குன்மிங் பேராசிரியர்கள் 1940-இல் வேறு பாதை எடுத்தார்கள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் அமைச்சகம் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தபோது, அதிகாரத்தில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பல்கலைக்கழகத்தின் போக்கு அவர்களோடு சேர்ந்து மாறக் கூடாது என்று காரணம் காட்டி எழுத்திலேயே மறுத்தார்கள்.

நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். பாடத்தை ஏற்கிறோம், ஆனால் அது விருப்பப் பாடத்துக்கான இடத்தில்தான் வரும், துறையின் அடிப்படைத் தாள் எதையும் தள்ளாது. பாடத்திட்டத்தை எங்கள் குழு எழுதும், எங்கள் ஆசிரியர் நடத்துவார். இரண்டு கல்வியாண்டு முடிந்ததும், மறுபடி ஓட்டெடுக்காவிட்டால் தானாகவே நீங்கும் என்று பதில் எழுதுங்கள். கூடவே வெள்ளப் பாதுகாப்பு, முதலுதவி, அகதி முகாம் சுகாதாரம் போன்ற பாடங்களை நீங்களாகவே முன்வைத்தால் அமைச்சகமும் இறங்கிவரும். போர்க்காலத்தில் நிரந்தர மாற்றமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆக்ஸ்போர்டு தன் டி.ஃபில். என்ற முனைவர் பட்டத்தைக் கொண்டுவந்ததே 1917-இல்தான். நிரந்தரமானதையும் தற்காலிகமானதையும் தனித்தனித் தீர்மானமாக வையுங்கள், அது போதும்.

சரி, மாணவர்களின் பெற்றோர் இன்றைக்கே ஏதாவது காகிதம் கேட்பார்கள். வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். முடித்த தாள்கள், அவற்றின் மதிப்பெண், மீதமுள்ள தாள்கள், எந்தத் தேதியில் எதற்காகப் படிப்பு நின்றது, திரும்பச் சேரும் உரிமையைத் தரும் தீர்மானத்தின் எண் ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, பதிவாளர் கையெழுத்து, முத்திரையோடு ஒரு தற்காலிகச் சான்றிதழ் கொடுங்கள். இரண்டு மூலப் பிரதி போடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று மாணவரிடம்.