திரும்பிப் போவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐஸ் ஹாக்கி பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். இப்போது கேட்கப்போவது விளையாட்டுக் கேள்வியா குடும்பக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை.

என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. கனடாவின் இளம் வீரர்களுக்கான ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் ஓர் அணிக்கு ஆடுகிறான். சிறுவயதிலிருந்தே ஸ்கேட் செய்தவன். அந்த லீக்கின் ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஆரம்பச் சுற்றிலேயே எடுக்கப்பட்டு, வேறு ஊரில் ஒரு பில்லெட் குடும்பத்துடன் (வெளியூர் வீரர்களை வீட்டில் தங்கவைப்பவர்கள்) தங்கி ஆடிவந்தான். போன பருவம் நன்றாக இருந்தது. “பெரிய இடத்துக்குப் போவான்” என்று பலரும் சொன்னார்கள். இந்தப் பருவம் எல்லாம் தலைகீழ். புதிய பயிற்சியாளர் அவனை நான்காவது லைனில், அதாவது மிகக் குறைவாக ஆடவிடப்படும் முன்கள வரிசையில், போட்டிருக்கிறார். ஓர் ஆட்டத்தில் ஏழெட்டு நிமிடம் ஆடினாலே அதிகம். சில ஆட்டங்களில் சீருடையே அணியவில்லை, மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவில்லை. அணி மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது.

“இத்தனை வருஷம் விடியும் முன்னே எழுந்து ரிங்குக்குக் கூட்டிப்போனது இதற்கா?” என்கிறார் அத்தான். அக்காவோ, பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, போகவே வேண்டாம் என்கிறாள். வரும் ஜூனில் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்) ட்ராஃப்ட். இப்போது ஆடாவிட்டால் அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் மறந்துவிடுவார்கள் என்று பயம். “மாமா சொன்னால் கேட்பான், நீ பேசு” என்று இருவரும் என்னைப் பிடித்திருக்கிறார்கள். திரும்பிப் போகச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுத்தான் இதை வெளியிடுகிறேன். நாள் நெருக்குவதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவன் திரும்பிப் போவது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அத்தான் சொல்லும் காரணத்துக்காகப் போகக் கூடாது. அதற்கு முன் இரண்டு விஷயங்கள் தெரிந்தாகவேண்டும்.

உங்கள் கடிதத்தில் அத்தான் பேசுகிறார், அக்கா பேசுகிறார், ஸ்கவுட்டுகளின் மனம்கூட வருகிறது. பையன் சொன்னதாக ஒரு வரி இல்லை. ஏன் போகவில்லை என்று யாராவது அவனைக் கேட்டீர்களா? பயிற்சியாளர் ஆடவிடாததால்தான் என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அதுதான் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பையன் அணியை விட்டு வருவதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஜோனதன் ட்ரூவானின் கதை இதற்காகவே எழுதியதுபோல இருக்கும். 2013 ட்ராஃப்டில் டாம்பா பே லைட்னிங் அவரை மூன்றாவதாக எடுத்தது. அந்த இலையுதிர்காலத்திலேயே என்.எச்.எல்.லில் ஆடலாம் என்று நம்பியிருந்தவரை ஜூனியர் அணியான ஹாலிஃபாக்ஸ் மூஸ்ஹெட்ஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஏமாற்றத்தோடுதான் போனார். போய் 46 ஆட்டங்களில் 108 புள்ளிகள் (போட்ட கோலுக்கும் உதவிய கோலுக்கும் ஒவ்வொன்று) எடுத்தார். மறு ஆண்டு டாம்பாவில் இடம் கிடைத்தது, நிமிடங்கள் கிடைக்கவில்லை. 2016 ஜனவரியில் சிரக்கியூஸில் இருந்த துணை அணிக்கு இறக்கப்பட்டார். தன்னை ட்ரேட் செய்யச் சொல்லி, அதாவது வேறு அணிக்கு மாற்றச் சொல்லி, கேட்டிருந்த செய்தியும் அப்போதே வெளியானது. பிறகு ஒருநாள் ஆட்டத்துக்கு வர மறுத்தார். சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தார்கள். இருபது வயதுப் பையனுக்கு இவ்வளவு அகந்தையா என்று தொலைக்காட்சியில் பேசாதவர் பாக்கியில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து அதே சிரக்கியூஸுக்குத் திரும்பினார். ஏப்ரலில் டாம்பா மறுபடி அழைத்தது. கேப்டன் ஸ்டாம்கோஸ் இரத்தக்கட்டியால் ஆடமுடியாமல் போயிருந்ததால் மேல் லைன்களில் இடம் காலியாக இருந்தது. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் அந்த பிளேஆஃபில் ட்ரூவான் 17 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். அகந்தை பற்றிய பேச்சு அதோடு நின்றது.

இதே ட்ரூவான் 2021 ஏப்ரலில் மறுபடி ஓர் அணியை விட்டு விலகினார். இந்தமுறை மான்ட்ரியல். அதற்கும் நிமிடங்களுக்கும் சம்பந்தமில்லை. பல வருடங்களாகப் பதற்ற நோயோடும் தூக்கமின்மையோடும் போராடிக்கொண்டிருந்ததாக அந்தச் செப்டம்பரில் அவரே சொன்னார். அந்தப் பருவத்தில் மான்ட்ரியல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை இறுதிக்கே போனது, அதுவும் டாம்பாவை எதிர்த்து. அவர் ஆடவில்லை. உடம்பும் மனமும் தேறிய பிறகுதான் வந்தார். 2023-24 பருவத்தில் கொலராடோவில், ஹாலிஃபாக்ஸில் தன்னோடு ஆடிய நேதன் மக்கின்னன் பக்கத்தில் ஆடி 56 புள்ளிகள் எடுத்தார். அதற்குமுன் எந்தப் பருவத்திலும் அவ்வளவு எடுத்ததில்லை.

ஆள் ஒருவர்தான், இரண்டு முறை விலகினார், இரண்டு முறையும் திரும்பினார். முதல்முறை அவருக்குத் தேவைப்பட்டது மனத்தாங்கலை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போவது. இரண்டாம்முறை யாராவது அதே அறிவுரையைச் சொல்லியிருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். உங்கள் மருமகன் எந்த ட்ரூவான் என்று தெரியாமல் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பிடுவதில்லை என்று அக்கா சொன்னதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தூங்குகிறானா? நண்பர்களோடு பேசுகிறானா? ஸ்கேட்டைத் தொடுகிறானா? ஊரில் இருக்கும் ரிங்குக்குத் தானாகக் கிளம்பிப் போகிறான் என்றால் அவனுக்குக் கோபம் பயிற்சியாளர்மேல். எதையுமே தொடவில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், ஹாக்கிப் பேச்சே வேண்டாம். ஒன்டாரியோ லீக் 2014-இல் கனடிய மனநலச் சங்கத்தோடு சேர்ந்து ‘டாக் டுடே’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவி கேட்பது அணிக்குள் அதிசயமாகப் பார்க்கப்படும் காலம் போய்விட்டது. தலையில் அடிபட்டு வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறானா என்பதையும் கேளுங்கள். இந்த வயதில் இடம் போய்விடும் என்ற பயத்தில் மறைப்பார்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும், சங்கடமாக இருந்தாலும். உடைமாற்றும் அறையில், பேருந்துப் பயணத்தில், ஏதாவது நடந்ததா? கனடிய ஜூனியர் ஹாக்கிக்கு இதில் கறைபடிந்த சரித்திரம் உண்டு. ஷெல்டன் கென்னடி தன் ஜூனியர் பயிற்சியாளர் தனக்குச் செய்த பாலியல் கொடுமையைச் சொல்வதற்குள் என்.எச்.எல்.லில் பல ஆண்டுகள் ஆடிமுடித்திருந்தார். அந்தப் பயிற்சியாளருக்கு 1997-இல் தண்டனை கிடைத்தது. புதியவர்களை ‘வரவேற்பது’ என்ற பெயரில் நடந்த வதைகளுக்காக 2020-இல் முன்னாள் வீரர்கள் மூன்று ஜூனியர் லீக்குகள்மேலும் வழக்குப் போட்டார்கள். உங்கள் பையனுக்கு அப்படி எதுவும் நடந்திருக்கும் என்று சொல்லவரவில்லை. நடந்திருந்தால் திரும்பிப் போகும் பேச்சுக்கே இடமில்லை. அப்பா அம்மாவிடம் சொல்லாததை மாமாவிடம் சொல்லக்கூடும். உங்களை இதில் இழுத்துவிட்டதில் எனக்குத் தெரிகிற ஒரே நன்மை இதுதான்.

இதெல்லாம் இல்லை, ஆடவிடவில்லை என்ற கோபம்தான் என்று தெரிந்தால் விஷயம் எளிது. அப்போது கேட்கவேண்டியது நிமிடக் கணக்கு.

தைரியம், பொறுமை, விடாமுயற்சி என்று அத்தான் பேசுவார். அவர் கண்விழித்து வண்டி ஓட்டியதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு வயதில் ஓர் ஆட்டக்காரன் வளர்வது பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) அவன் மட்டையில் இருக்கும் நேரத்தில்தான். நான்காவது லைனில் ஏழு நிமிடம் என்றால் பெரும்பாலும் எதிராளியை மோதித் தள்ளிவிட்டு வந்து உட்கார்வது. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் அவனை விடமாட்டார்கள். ஒரு தப்பு செய்தால் அடுத்த ஷிஃப்ட், அதாவது களத்தில் இறங்கும் முறை, கிடையாது. அந்தப் பயத்தில் கையில் வந்த பக்கைக் கண்ணாடியோரம் அடித்து வெளியேற்றுவதையே பழகிக்கொள்வான். வலக்கை ஒடுங்கிப்போன தையற்காரன்போல, தொழில் தெரிந்தும் துணியைத் தொடத் தயங்குவான். அந்த இடத்துக்கே ‘வைராக்கியமாக’ திரும்பிப் போவதால் என்ன லாபம்?

லியோன் ட்ரைசைட்ல் இப்போது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014-இல் எட்மன்டன் அவரை மூன்றாவதாக எடுத்து, பதினெட்டு வயதிலேயே என்.எச்.எல்.லில் ஆடவிட்டது. 37 ஆட்டங்கள், 2 கோல்கள், மொத்தம் 9 புள்ளிகள். 2015 ஜனவரியில் ஜூனியருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பத்தாவது ஆட்டம் ஆடியதுமே ஒப்பந்தத்தின் முதல் வருடம் கணக்கில் ஏறிவிடும், அதை வீணடித்துவிட்டார்கள் என்று எட்மன்டன் நிர்வாகம் வாங்கிக்கட்டிக்கொண்டது. கவனிக்கவேண்டியது அதன் பிறகு நடந்தது. அவர் பழைய அணியிலேயே போய் உட்காரவில்லை. உரிமை வைத்திருந்த பிரின்ஸ் ஆல்பர்ட், கோப்பைக்குப் போட்டியிடும் நிலையில் இருந்த கெலோனாவுக்கு அவரை ட்ரேட் செய்தது. அங்கே 32 ஆட்டங்களில் 53 புள்ளிகள், லீக் கோப்பை, கனடிய ஜூனியர் லீக்குகளின் இறுதிப் போட்டியான மெமோரியல் கோப்பையில் சிறந்த வீரர் விருது. ஐந்து வருடம் கழித்து, 2019-20-இல், 110 புள்ளிகளோடு என்.எச்.எல்.லின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை.

இதற்கு நேரெதிராகவும் நடந்திருக்கிறது. 2022-இன் முதல் தேர்வான யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி தடுமாறியபோது, கீழே அனுப்புங்கள் என்று ஊரே சொல்லியும் மான்ட்ரியல் அனுப்பவில்லை. முழங்காலில் காயம்படும்வரை 39 ஆட்டங்களில் 10 புள்ளிகள்தான். அடுத்த பருவம் 50 புள்ளிகள். ஆனால் அவருக்கு மேலேயே நல்ல லைனில் இடம் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒருவர் கீழே போய் வளர்ந்தார், மற்றவர் மேலேயே இருந்து வளர்ந்தார். இருவருக்கும் பக் கிடைத்தது.

ஜூன் ட்ராஃப்ட் பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஆண்டு எடுக்கப்படாவிட்டால் அடுத்த இரண்டு ஆண்டும் எடுக்கலாம். இதே லீக்கின் பேரி கோல்ட்ஸுக்கு ஆடிய டானர் பியர்சனின் பெயரை இரண்டு ட்ராஃப்டில் யாரும் சொல்லவில்லை. மூன்றாவதில், 2012-இல், லாஸ் ஏஞ்சலஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. 2014-இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். இதே ஒன்டாரியோ லீக்கில் ஓவன் சவுண்டுக்கு ஆடிய மார்க் ஜோர்டானோவை எந்த ட்ராஃப்டிலும் யாருமே எடுக்கவில்லை. நடுவில் ஒரு பருவம் கால்கரியை விட்டு மாஸ்கோவுக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பினார். 2019-இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை அவருக்குத்தான். 2025 ஆகஸ்டிலிருந்து ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடலாம் என்று விதி மாறியிருக்கிறது. முன்பு அந்த வாசல் மூடியே கிடந்தது. ஜனவரியில் ஸ்கவுட் பார்க்காவிட்டால் வாழ்க்கை போச்சு என்று அவன் காதுபட யாரும் பேசாமலிருந்தால் போதும்.

ஆகவே, அவனுக்கு உடம்பும் மனமும் சரியாக இருந்து, போகவும் ஆசை இருந்தால், போகட்டும். பயிற்சியாளரிடம் அவனே பேசட்டும். மன்னிப்புக் கேட்கவோ நியாயம் கேட்கவோ வேண்டாம். “மூன்றாவது லைனுக்கு வர நான் என்ன மாற்றவேண்டும்?” என்று கேட்கட்டும். உருப்படியான பதில் வந்தால், ஒரு மாதம் அதன்படி ஆடிப் பார்க்கலாம். “கடினமாக உழை, பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னால் அவனுக்கு அங்கே இடமில்லை என்று பொருள். அப்போது பொது மேலாளரிடம் மரியாதையாக ட்ரேட் கேட்பதில் வெட்கமே இல்லை. நின்றுபோன ஆளைவிட ஆடிக்கொண்டிருக்கும் ஆளுக்குத்தான் மற்ற அணிகள் விலை கொடுக்கும். அவன் திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

ட்ரேட் கடைசி நாள் ஜனவரியின் முற்பகுதியிலேயே வந்துவிடும் என்பதால் ஏஜென்ட் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். அவன் விலகுவது என்றே முடிவானால், லீக்குடன் போட்ட ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படியுங்கள். ஆடிய பருவங்களுக்கு ஏற்பக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, நடுவில் விலகினால் அது என்னவாகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிப்பும் நிற்கக் கூடாது. பில்லெட் வீட்டு அம்மாவிடம் அக்காவைப் பேசச் சொல்லுங்கள். இந்த நான்கு மாதமாக அவன் எப்படி இருந்தான் என்பது அணியைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அத்தானிடமும் நீங்கள் பேசவேண்டியிருக்கும். பயிற்சியாளருக்கு அவர் தொலைபேசி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.