தம்பியின் இதயத்தைப் படிக்க விரும்பும் மகளுக்கு டாக்டர் படிப்பு மட்டும்தான் வழியா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓட்டப் பந்தயத்தில் மயங்கி விழுந்த மகனுக்கு முதலில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு டிரெட்மில் பரிசோதனையில்தான் சிபிவிடி என்ற இதயத் துடிப்புக் கோளாறு என்று தெரிந்திருக்கிறது. அந்த அலைச்சலுக்கு நடுவில் ப்ளஸ் டூ எழுதிய மகளுக்கு நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. இன்னொரு வருஷம் நீட் எழுத அவளுக்கு விருப்பமில்லை. தம்பியின் இதயச் செல்லில் கால்சியம் ஏன் கசிகிறது என்று ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொல்கிறாள். டாக்டருக்குப் படிக்காத ஒருவருக்கு இதயத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள்.

நிறைய வேலை இருக்கிறது. அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிபிவிடி பெரும்பாலும் மரபணு வழியாக வருவது. இதயச் செல்லில் கால்சியத்துக்குக் கதவாக இருக்கும் ரயனோடின் ஏற்பி என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சில சமயம் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் கால்செக்வெஸ்ட்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம் என்றால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். சாதாரண ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதை வைத்து மகளுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். இந்த நோயில் ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் ஈசிஜி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மகனைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் வீட்டில் எல்லோருக்கும் என்ன பரிசோதனை தேவை என்று கேளுங்கள். கல்லூரி விண்ணப்பத்தைவிட இது அவசரம்.

இனி அவள் படிக்க நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு துடிப்பிலும் மின் துடிப்பு வந்ததும் இதயத் தசைச் செல்லுக்குள் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அது உள்ளே இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவுகளைத் திறந்துவிட, அங்கிருந்து அதைவிடப் பல மடங்கு கால்சியம் வெளியே வருகிறது. அப்போது தசை சுருங்குகிறது. அடுத்த துடிப்புக்குள் பெரும்பகுதியை ஒரு புரத பம்பு கிடங்குக்கே இழுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வேறொரு புரதம் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. அந்தக் கிடங்குக் கதவுதான் ரயனோடின் ஏற்பி.

உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு ஓடும்போதோ பயப்படும்போதோ அட்ரினலின் ஏறுகிறது. கிடங்கு வழக்கத்தைவிட நிரம்புகிறது. இதயம் தளர்ந்து ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் கதவு திறந்து கால்சியம் கசிகிறது. கசிந்த கால்சியத்தை வெளியேற்றும் புரதம் ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியத்தை உள்ளே விடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின்னூட்டம் செல்லுக்குள் கூடுதலாகச் சேர்கிறது. அதுவே வேண்டாத ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். ஒரு புரதத்தின் கோளாறு ஒரு பிள்ளை மைதானத்தில் விழுவதுவரை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பார்க்க முடிகிற நோய்கள் அதிகமில்லை. உங்கள் மகளை இது பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பாருங்கள். இதயம் சுருங்கக் கால்சியம் வேண்டும் என்று 1883-ல் எழுதிய சிட்னி ரிங்கர், லண்டனில் ஒரு மருத்துவர். செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க உதவும் ஃபியூரா-2 என்ற ஒளிரும் சாயத்தை 1985-ல் தந்தது ரோஜர் சியன் குழு. அவர் வேதியியல்காரர். கிடங்கிலிருந்து கால்சியம் சின்னச் சின்னப் பொறிகளாக வெளிவருவதை 1993-ல் படம் பிடித்தவர்களுக்கு நுண்ணோக்கிதான் ஆயுதம். டெனிஸ் நோபிள் 1960-ல் இதயச் செல்லின் மின்னோட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர். அவர் உடலியங்கியல் மாணவர். கணிதத்தைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்டார். அந்த முதல் மாதிரியில் கால்சியமே கிடையாது. பின்னால் 1985-ல் வந்த மாதிரியில்தான் கால்சியத்தின் போக்குவரத்து முழுதாக இடம்பெற்றது.

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவளுக்குப் பெரிய பலம். உயிரியல் பிடிக்கும் என்பதற்காகக் கணிதத்தை இப்போதே கைவிடச் சொல்லாதீர்கள். அவளும் விட்டுவிட வேண்டாம். இந்தத் துறையில் நிற்பவர்களுக்கு வகைக்கெழுச் சமன்பாடும் கொஞ்சம் நிரல் எழுதத் தெரிவதும் கட்டாயம் என்றே சொல்வேன். சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்திலும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும், இதயத்தில் சுழன்று சுழன்று துடிப்பைக் குலைக்கும் மின் அலைகளை ஆராய்ந்தவர்கள் இயற்பியலாளர்கள்தான்.

வழிகளைச் சொல்கிறேன். ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு, ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். நம் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும் இருக்கின்றன. ஐஏடி என்ற நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் சரிசமமாகக் கேள்வி வரும். ஐஐடி மெட்ராஸில் 2023-ல் தொடங்கிய மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு பிஎஸ் படிப்புக்கும் அதே தேர்வு மதிப்பெண்ணில் இடம் தருகிறார்கள். மருத்துவமும் கருவியும் கணக்கும் ஒன்றாகச் சேரும் இடம் என்பதால் உங்கள் மகளுக்கு இதுவும் பொருந்தும். ப்ளஸ் டூ முடித்த ஆண்டுக்கு ஐஏடியில் வரம்பு உண்டு. நீட்டுக்காக வருஷங்களைத் தள்ளிக்கொண்டே போனால் இந்த வாசல் மூடிவிடும். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை நீங்களே ஒரு முறை படியுங்கள்.

அது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரி ஒன்றில் பிஎஸ்சி இயற்பியல் அல்லது உயிர்வேதியியல், பிறகு எம்எஸ்சி, பிறகு பிஎச்டி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு என்று போகலாம். இந்தப் பாதையில் வந்தவர்கள் ஏராளம். பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக ஆய்வகமே இல்லாத கல்லூரியில் பயோடெக்னாலஜிக்குப் பணம் கட்டாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

பிஎஸ்சி கார்டியாக் டெக்னாலஜி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மரியாதையான படிப்பு, சீக்கிரம் சம்பாதிக்கலாம். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர், இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கேத் லேப் எல்லாம் கைப்பழக்கமாகும். உங்கள் மகனுக்கு டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, அதில் வந்த விபரீதத் துடிப்பை முதலில் பார்த்தவர் அநேகமாக இப்படி ஒரு டெக்னீஷியனாகத்தான் இருப்பார். சேரும் முன் அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் இதய மின்னியல் சிகிச்சை நடக்கிறதா, பேஸ்மேக்கரும், ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியும் பொருத்துகிறார்களா என்று விசாரியுங்கள். ஆனால் இது நோயாளியோடு நாள் முழுக்க இருக்கும் வேலை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தேடும் வேலை வேறு. அங்கிருந்து ஆராய்ச்சிக்கு வருவது சுற்றுவழி.

இந்த இரண்டில் எது அவளுக்கு ஒத்துவரும் என்பதுதான் உண்மையான கேள்வி. ஆய்வகத்தில் ஒரு செல்லை உயிரோடு பிரித்தெடுத்து, சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதி நாட்கள் செல் செத்துப்போகும். எலியில் கிடைத்த விடை மனிதருக்குப் பொருந்தாமலும் போகலாம். எலியின் இதயச் செல்லில் துடிப்புக்குப் பின் கால்சியத்தில் சுமார் 92 விழுக்காடு கிடங்குக்கே திரும்புகிறது. முயலில் அது 70 விழுக்காடுதான். மனித இதயம் முயல் பக்கம்தான் நெருங்கி நிற்கிறது. தம்பி மேல் உள்ள பாசம் அவளை இந்தத் துறைக்குக் கொண்டுவரும். அங்கே நிலைத்திருக்க, இப்படி விடை தராத நாட்களையும் பொறுத்துக்கொள்ளும் ஆர்வம் வேண்டும். தம்பியைக் குணப்படுத்தும் பொறுப்பை அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பலனே இல்லாத படிப்பா என்றால், இல்லை. துடிப்புக் கோளாறுக்குப் பல காலமாகப் புழக்கத்தில் இருந்த ஃப்ளெக்கைனைடு மருந்து சிபிவிடியில் உதவும் என்று 2009-ல் வெளியான ஆய்வு எலிகளிலும் இரண்டு நோயாளிகளிலும் காட்டியது. இன்று, அட்ரினலினின் வேகத்தை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை மட்டும் போதாதவர்களுக்கு அதையும் சேர்த்துத் தருகிறார்கள். அந்த மருந்து கிடங்குக் கதவை நேராக அடைக்கிறதா, சோடியத்தின் வழியாக வேலை செய்கிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மகள் போன்றவர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது.

காலம், பணம் பற்றிய கவலை நியாயமானது. எம்பிபிஎஸ் ஐந்தரை, எம்டி மூன்று, டிஎம் மூன்று என்று பதினொன்றரை ஆண்டு படித்தால்தான் இதய மருத்துவர். பிஎஸ்-எம்எஸ் ஐந்து, பிஎச்டி ஐந்தாறு என்றால் இதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால், நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி கிடைத்தால் பிஎச்டியின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. 2023 முதல் இந்தத் தொகை. அதற்குப் பின் நிரந்தர வேலைக்குப் போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். கணக்கும் நிரலும் கைவசம் இருப்பவர்களுக்கு மருந்து நிறுவனம், மருத்துவக் கருவி நிறுவனம் என்று வேறு கதவுகளும் திறக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். பழைய ஐஏடி வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து மகளை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எந்தப் பகுதியை ரசித்து எழுதினாள், எதைத் தள்ளிப்போட்டாள் என்று அவளே ஒரு பக்கம் எழுதட்டும். இரண்டையும் ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு எனக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த முறை பேசும்போது அவளும் உடன் இருக்கட்டும்.