கோட்டுக்கு வெளியே நிற்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு வயது 26. பத்து ஆண்டுகளாகக் கால்பந்துதான் என் உலகம். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தும், இனிப் போட்டிகளில் ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் படித்த பள்ளியில் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஆட முடியாதவனுக்குப் போடும் பிச்சையாகத்தான் அது எனக்குப் படுகிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இங்கிலாந்தின் கால்பந்து வீரராக இருந்து மேலாளரான பிரையன் கிளஃப்தான் என் நினைவுக்கு வந்தார்.

மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். அந்த ஊர் அணிக்கும் சண்டர்லாந்துக்கும் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசம்பர் 26, தரை உறைந்து கிடந்த ஒரு நாளில், பரி அணிக்கு எதிராகப் பந்தைத் துரத்தி ஓடியவர் கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார். எழ முயன்றார், முடியவில்லை. ‘நடிக்கிறான்’ என்று எதிரணி வீரர் ஒருவர் நடுவரிடம் சொன்னதைக் கடைசிவரை அவர் மன்னிக்கவில்லை. உங்களுக்கு நேர்ந்த அதே காயம்தான், முழங்கால் ஜவ்வு. 1964இல் திரும்பி வந்து மூன்று லீக் ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். அத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 29.

சும்மா இருந்தால் உடைந்துபோவார் என்று கண்ட சண்டர்லாந்து மேலாளர் ஜார்ஜ் ஹார்ட்விக், இளையோர் அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பையன்களுக்குப் பயிற்சி, உங்களைக் கூப்பிடுகிறார்களே, அதே வேலை. அங்கேதான் அவர் தன் அடுத்த தொழிலைக் கற்றார். 1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் அணிக்கு மேலாளர். இங்கிலாந்து லீக்கின் கடைசிப் படியான நான்காம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த, காசில்லாத கிளப் அது. அணியின் பஸ்ஸைத் தானே ஓட்டுவதற்கு உரிமம் எடுத்தார்! அடுத்து அவர் மேலாளராக இருந்த டார்பி கவுன்டி அணி 1972இல் லீக் சாம்பியன். பிறகு இரண்டாம் டிவிஷனில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை எடுத்து, 1978இல் லீக் பட்டமும், 1979, 1980 இரு ஆண்டும் ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையும் வாங்கித் தந்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஜான் ராபர்ட்சனின் கதை. கிளஃப் வந்தபோது ஃபாரஸ்ட்டில் யாரும் பொருட்படுத்தாத ஆட்டக்காரர். உடம்பு கொஞ்சம் பருமன், ஓட்டத்தில் வேகம் இல்லை. ஆனால் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். கிளஃப் அவரை இடது ஓரத்தில் நிறுத்தினார். 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், மியூனிக்கில் மால்மோ அணிக்கு எதிராக ராபர்ட்சன் தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில், மாட்ரிட்டில் ஹாம்பர்க் அணியை வென்ற ஒரே கோல் ராபர்ட்சனே அடித்தது. மற்றவர்கள் குறையைப் பார்த்த இடத்தில் அந்தக் காலின் அருமையைக் கண்ட கண், ஆட முடியாமல் போன ஒருவருடையது.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஃபாரஸ்ட்டுக்கு முன் லீட்ஸ் அணிக்கு மேலாளராகப் போன கிளஃப், வந்தவுடன் மூத்த வீரர்களைப் பகைத்துக்கொண்டு 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். ஹார்ட்டில்பூல்ஸ் முதல் துணை நின்ற நண்பர் பீட்டர் டெய்லருடன் 1983இல் முறித்துக்கொண்டவர், 1990இல் டெய்லர் இறக்கும் வரை பேசவில்லை. குடியும் அவர் உடலைத் தின்றது. நெஞ்சில் தேக்கி வைக்கும் கசப்பு இப்படியும் வெளியே வரும், தம்பி. அழுகை வந்தால் வீட்டில் அழுதுவிடுங்கள். அதைப் பையன்கள் மேல் கோபமாகக் கொட்டிவிடாதீர்கள்.

பள்ளிக்கு இந்த வாரமே சம்மதம் சொல்லுங்கள். உங்களைப் போலவே ஆட்டத்தை நேசிக்கும் ஒரு நண்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கண்களைவிட நான்கு மேல். முதல் நாள் விசிலை ஊதாமல் ஓரமாக நின்று பாருங்கள். எந்தப் பையனை யாரும் தன் அணிக்குக் கூப்பிடவில்லையோ, அவன் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அவனைப் பற்றி எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.